சங்கத்தின் கடிதம் கையில் இருக்கிறது, ஸ்டால்தான் போகவில்லை

வாசகர் கடிதம், சுருக்கமாக: “ஐயா, சென்னையில் எட்டு வருஷமாக ஃபர்னிச்சர், கட்டுமானப் பொருள் கண்காட்சிகள் நடத்தி வருகிறேன். அடுத்த ஜனவரியில் நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் ஜவுளி, தோல், தண்ணீர் சுத்திகரிப்பு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரு கெமிக்கல் கண்காட்சி போடத் திட்டம். ஹாலுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். கெமிக்கல் தயாரிப்பாளர் சங்கம் ஒன்றை அணுகினேன். தலைவர் சால்வை போட்டு வரவேற்று, ‘ஆதரவு தரும் அமைப்பு’ என்று லெட்டர்பேடில் கடிதமும் கொடுத்தார். ஆறு மாதம் ஆகிறது, உறுப்பினர்களில் நான்கு பேர்தான் ஸ்டால் எடுத்திருக்கிறார்கள். இப்போது செயலாளர், ‘மொத்த வசூலில் 25 சதவீதமும் 10 இலவச ஸ்டாலும் கொடுத்தால் முழு மூச்சாக இறங்குவோம்’ என்கிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா? சங்கங்களோடு சரியான கூட்டு எப்படி அமைப்பது?”

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

கையெழுத்துப் போடாதீர்கள், இப்போது இருக்கும் வடிவில் வேண்டாம். அந்தச் செயலாளர் பேராசைக்காரர் என்று நான் நினைக்கவில்லை. அவர் நாற்காலியில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். நீங்கள் அவரிடம் கேட்டது அவர் கையில் இல்லாத சரக்கு. இல்லாத சரக்குக்கு விலை கேட்டால் வாய்க்கு வந்த விலைதான் வரும்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சங்கத் தலைவர் வருகிறார், செயலாளர் வருகிறார், ஹால் வருகிறது, ஸ்டால் வருகிறது. வாங்குகிறவர் ஒருவர்கூட வரவில்லை. நீங்கள் போய் நின்றது விற்பவர்களின் சங்கத்தில். அதன் உறுப்பினர்கள் எல்லோரும் கெமிக்கல் தயாரிப்பவர்கள். அவர்கள் ஸ்டால் எடுப்பது யாரைப் பார்க்க? பக்கத்து ஸ்டாலில் நிற்கும் இன்னொரு தயாரிப்பாளரையா? “யார் வருவார்கள்?” என்று ஒவ்வொரு உறுப்பினரும் மனசுக்குள் கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்குச் சங்கத்திடம் பதில் கிடையாது. தலைவரின் கடிதத்திலும் கிடையாது. அதனால்தான் நான்கு ஸ்டால். அந்த நான்கும் தலைவரின் நண்பர்கள் எடுத்ததாகத்தான் இருக்கும்.

இந்தத் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டேன். “சங்கத்தோடு கூட்டு” என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது, எந்தப் பக்கத்துச் சங்கம் என்றுதான். விற்பவர் பக்கமா, வாங்குபவர் பக்கமா? கெமிக்கல் துறையில் ஒரு தொழிற்சாலையின் விளைபொருள் அடுத்த தொழிற்சாலையின் கச்சாப்பொருள். ஆகவே ஒரே சங்கம் ஒரு கண்காட்சியில் விற்பவர், இன்னொரு கண்காட்சியில் வாங்குபவர். இதைக் கவனிக்காமல் பெரிய பெயர் எது என்று பார்த்து ஓடினால் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும்.

அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அமெரிக்கன் கோட்டிங்ஸ் ஷோ நடக்கிறது. அமெரிக்கன் கோட்டிங்ஸ் அசோசியேஷன், ஜெர்மனியின் வின்சென்ட்ஸ் பதிப்பகம், நியூரம்பெர்க் மெஸ்ஸே என்ற கண்காட்சி நிறுவனம் மூன்றும் சேர்ந்த ஏற்பாடு. சங்கத்தின் முதுகெலும்பு பெயின்ட் கம்பெனிகள். ஆனால் அங்கே ஸ்டால் போட்டிருப்பது பெயின்டுக்கு வேண்டிய ரெசின், பிக்மென்ட், அடிட்டிவ் போன்ற மூலப்பொருட்களும் சோதனைக் கருவிகளும் விற்பவர்கள். பெயின்ட் கம்பெனியின் ஆராய்ச்சி ஆட்களும் கொள்முதல் ஆட்களும் பார்வையாளர்களாக நடந்து வருகிறார்கள். சங்கம் கொண்டுவருவது வாங்குபவரை, அதனால் ஸ்டால் விற்கிறது. பதிப்பகத்துக்கு வாசகர் பட்டியல் இருக்கிறது, கருத்தரங்குக்குப் பேச்சாளரைப் பிடிக்கத் தெரியும். மெஸ்ஸேக்கு ஹால் வேலை தெரியும். மூவரும் அவரவரிடம் உள்ளதைத்தான் போட்டிருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன், கோவையிலேயே இருக்கிறது. 1933-ல் தொடங்கிய தென்னிந்திய ஆலைகள் சங்கம், அதாவது சைமா, கோடிசியா வளாகத்தில் டெக்ஸ்ஃபேர் நடத்துகிறது. சங்க உறுப்பினர்கள் நூற்பாலைக்காரர்கள். ஸ்டாலில் நிற்பவர்கள் அவர்களுக்கு உதிரிபாகமும் இயந்திரமும் விற்பவர்கள். சங்கத்திலிருந்து சுற்றறிக்கை போனால் ஆலை மேனேஜர் வண்டியெடுத்து வந்துவிடுவார். அதற்கு ஸ்டால்காரர் பணம் கொடுக்கத் தயங்குவாரா?

விற்பவர் சங்கமே கண்காட்சி நடத்தி நன்றாக வந்ததும் உண்டு. அமெரிக்காவில் 1921-லிருந்து இருக்கும் சொக்மா, சிறப்பு வேதிப்பொருள் தயாரிப்பாளர்களின் சங்கம். அது உருவாக்கிய இன்ஃபார்மெக்ஸ் கண்காட்சி ஒரு காலத்தில் அந்தத் துறையின் முக்கியச் சந்தை. அங்கே ஒரு வசதி இருந்தது. உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் இடைப்பொருள் செய்து கொடுப்பவர்கள், ஆகவே விற்பவரே வாங்குபவராகவும் இருந்தார். சங்கம் அதை ஒரு தொழில்முறைக் கண்காட்சி நிறுவனத்துக்கு விற்றது. கைமாறிய பின் 2017-ல் மருந்துத் துறைக் கண்காட்சியான சிபிஎச்ஐ நார்த் அமெரிக்காவோடு அது கலந்தது. அப்புறம் சொக்மா மறுபடியும் தன் உறுப்பினர்களுக்கென்று தனிக் கண்காட்சி ஆரம்பித்தது. விற்றவர்களைக் குற்றம் சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. ஹாலை நிரப்பத் தெரிந்தவருக்கும் தன் உறுப்பினர் யாரைச் சந்திக்க வேண்டும் என்று கவலைப்படுபவருக்கும் கணக்கு எந்த இடத்தில் பிரிகிறது என்று பாருங்கள். உங்களுக்கும் உங்கள் சங்கத்துக்கும் நாளைக்கு அதே இடத்தில்தான் பிரியும்.

இனி உங்கள் கண்காட்சிக்கு வருவோம்.

ஜவுளி, தோல், தண்ணீர் என்று மூன்றையும் ஒரே ஹாலில் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தோல் கெமிக்கலுக்கு ஏற்கெனவே சென்னையில் இந்தியா இன்டர்நேஷனல் லெதர் ஃபேர் இருக்கிறது. மத்திய அரசின் வர்த்தக மேம்பாட்டு நிறுவனமான ஐடிபிஓ, தோல் ஏற்றுமதிக் கவுன்சில் போன்ற அமைப்புகள் சேர்ந்து பல்லாண்டுகளாக நடத்துவது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் வருஷ ஆரம்பத்தில் அங்கே போகப் பழகியவர்கள். நீங்களும் ஜனவரியில் போய் நிற்கிறீர்கள். முதல் வருஷமே அந்த வம்பு எதற்கு? தண்ணீரை இரண்டாவது வருஷம் சேர்த்துக்கொள்ளலாம். ஜவுளியை மட்டும் பிடியுங்கள், அதிலும் சாயமும் சலவையும்.

அப்படியானால் வாங்குபவர் யார்? திருப்பூர், ஈரோடு, பெருந்துறை, கரூர் சாய ஆலைகள். நந்தம்பாக்கத்துக்கு வர அவர்கள் ராத்திரி ரயில் ஏற வேண்டும். மணலியிலும் கும்மிடிப்பூண்டியிலும் இருக்கும் தயாரிப்பாளருக்குத்தான் டிரேட் சென்டர் பக்கம். விற்பவருக்கு வசதியான ஊரில் கடையை விரித்துவிட்டு வாங்குபவர் ஏன் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கோடிசியா வளாகம் திருப்பூரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர், காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஒரு சாய ஆலையில் எந்தச் சோப்பிங் ஆயில், எந்த லெவலிங் ஏஜென்ட் என்று முடிவெடுப்பவர் பல இடங்களில் முதலாளிகூட இல்லை, டையிங் மாஸ்டர்தான். அவரால் மெஷினை விட்டு இரண்டு நாள் நகர முடியாது, அரை நாள் முடியும். உங்கள் கண்காட்சி அந்த அரை நாளுக்குள் அடங்க வேண்டும்.

நாள் விஷயத்திலும் கவனம். திருப்பூரில் வாரச் சம்பளம், சனிக்கிழமை வந்தால் முதலாளிகளுக்கு வேறு நினைப்பு இருக்காது. தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் முழுசாகத் திரும்பாத நாட்களில் யாரும் ஆலையை விட்டு வரமாட்டார்கள். ஜனவரி என்றால் பொங்கல் வேறு. இதையெல்லாம் சென்னையில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வாங்குபவர் சங்கத்தின் அலுவலகத்தில் ஒரு மேனேஜர் இருப்பார், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சரியான தேதியைச் சொல்லிவிடுவார். சங்கத்தின் லோகோவைவிட அந்த ஒரு தேதிக்கு மதிப்பு அதிகம்.

திருப்பூர் சாய ஆலை உரிமையாளர்கள் சங்கம் போன்ற அமைப்புகளிடம் போகும்போது எதை எடுத்துக்கொண்டு போவீர்கள்? பிரவுச்சரை எடுத்துப் போனால் நாற்காலி கொடுப்பார்கள், காபி கொடுப்பார்கள், முடிந்தது. அவர்களுடைய தலைவலி என்ன என்று தெரிந்துகொண்டு போங்கள். 2011 ஜனவரி 28-ம் தேதி சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் மூடப்பட்டன. நொய்யலில் ஒரு சொட்டுக் கழிவுநீர்கூடப் போகாத நிலை வந்தால்தான் திறக்கலாம் என்றாகிவிட்டது. அந்த நாளை அந்த ஊரில் இன்னும் யாரும் மறக்கவில்லை. ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற உப்பு வேண்டும், ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு 50 முதல் 80 கிராம் வரைகூடப் போகும். அந்த உப்பு எல்லாம் கழிவுநீரில் வந்து சேருகிறது. ஆர்ஓ-வில் தண்ணீரை மீட்டு, மிச்சத்தை எவாபரேட்டரில் காய்ச்சி, உப்புக் கரைசலைத் திரும்பச் சாயத்துக்கே அனுப்பி, அதற்கு மேலும் மிஞ்சுவது எதற்கும் உதவாத கலப்பு உப்பு. அதை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு முழிக்கிறார்கள். இதற்கு நடுவில் வெளிநாட்டு பிராண்டுகள், ஆபத்தான ரசாயனங்களை ஒழிக்க பிராண்டுகள் சேர்ந்து அமைத்த இசட்டிஎச்சி-யின் பட்டியலில் தடை செய்த பொருள் எதுவும் உங்கள் ஸ்டோரில் இருக்கக் கூடாது என்று தணிக்கைக்கு வருகின்றன.

ஆகவே நீங்கள் சொல்ல வேண்டியது இப்படி இருக்கட்டும்: “உப்புக் குறைவாகக் கேட்கும் சாயம் செய்கிறவர்கள், கலப்பு உப்பைப் பிரிக்கிறவர்கள், தடைப்பட்டியலில் இல்லாத ஆக்சிலியரி, அதாவது சாயத்தோடு சேர்க்கும் துணைக் கெமிக்கல், விற்கிறவர்கள், இவர்களை மட்டும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவருகிறேன். யார் வர வேண்டும் என்று நீங்களே பட்டியல் கொடுங்கள். உங்கள் உறுப்பினர்கள் கேட்க நினைக்கும் கேள்விகளை முன்னாலேயே வாங்கி, மேடையில் கேட்க வைக்கிறேன்.” இதற்குச் சங்கம் லெட்டர்பேட் தராவிட்டாலும் பரவாயில்லை. ஆள் வருவார்கள். பட்டியலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள் என்றால் உங்களுக்கு வேலை பாதி முடிந்தது. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு அகமதாபாத் போங்கள். வட்வா, நரோடா பக்கத்தில் ரியாக்டிவ் சாயம் செய்பவர்கள் எத்தனையோ பேர். குஜராத் சாயப்பொருள் உற்பத்தியாளர் சங்கம் அங்கே இருக்கிறது. “திருப்பூர்க்காரர்கள் உங்களைப் பார்க்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்” என்று சொல்லிப் பாருங்கள். அப்போது விற்பவர் சங்கம் உங்களிடம் 25 சதவீதம் கேட்காது, எத்தனை ஸ்டால் மிச்சம் என்று கேட்கும்.

சாய ஆலைச் சங்கத்தின் பொதுக்குழுவையும் உங்கள் வளாகத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். பழைய வழிதான் இது. இன்று உலகின் பெரிய வேதித்தொழில் கண்காட்சியாக பிராங்பர்ட்டில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் அகேமா பிறந்ததே அப்படித்தான். 1920-ல் ஹனோவரில் ஜெர்மன் வேதியியலாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தபோது, கூடியிருந்தவர்களுக்கு ஆய்வுக் கருவிகளையும் ஆலைச் சாதனங்களையும் காட்டலாமே என்று மாக்ஸ் புக்னர் பக்கத்திலேயே ஒரு கண்காட்சி போட்டார். அதை நடத்துவதற்கான டெகேமா சங்கம் 1926-ல்தான் வந்தது. முதலில் கூட்டம், அப்புறம் கண்காட்சி, கடைசியில்தான் அமைப்பு. நம் ஊரில் தலைகீழாகக் கையெழுத்திலிருந்து ஆரம்பிக்கிறோம். கோயம்புத்தூர் ஹோட்டலில் எப்படியும் வாடகை கொடுத்துப் பொதுக்குழு நடத்தும் சங்கத்துக்கு, உங்கள் வளாகத்தில் ஏசி ஹாலும் மதியச் சாப்பாடும் இலவசம் என்றால் கசக்குமா? இருநூறு உரிமையாளர்கள் வேறு வேலையாகவே வந்தாலும் உங்கள் ஸ்டால்களைத் தாண்டித்தான் சாப்பாட்டு அறைக்குப் போக வேண்டும். வழியை அப்படிப் போடுவது உங்கள் சாமர்த்தியம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். வாங்குபவர் சங்கத்தோடு ‘தலைக்கு இவ்வளவு’ என்று பேசாதீர்கள். ஒரு தடவை நானே பேசினேன். இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள், பை வாங்கினார்கள், பிரியாணி சாப்பிட்டார்கள், போனார்கள். ஸ்டால்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சாயம் என்றால் ஹோலிதான் ஞாபகம். தப்பு அந்தச் சங்கத்தின் மேல் இல்லை. நான் தலை கேட்டேன், அவர்கள் தலை கொடுத்தார்கள்.

பணத்துக்கு வருவோம். 25 சதவீதமும் 10 ஸ்டாலும் என்ன ஆகிறது என்று ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுங்கள். 9 சதுர மீட்டர் ஸ்டால் 100 என்று வைத்துக்கொள்வோம், சதுர மீட்டர் 9,000 ரூபாய். ஒரு ஸ்டால் 81,000, மொத்தம் 81 லட்சம். பத்து ஸ்டால் இலவசம் என்றால் 8 லட்சத்துப் பத்தாயிரம் போய்விட்டது. மிச்சம் 72 லட்சத்துத் தொண்ணூறாயிரத்தில் கால் பங்கு 18 லட்சத்துச் சொச்சம். சேர்த்தால் 26 லட்சத்துக்கு மேல், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஹால் வாடகை, ஸ்டால் அமைப்பு, விளம்பரம் எல்லாம் உங்கள் தலையில். ‘மொத்த வசூல்’ என்று எழுதியிருப்பதில் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேருமா, விலக்கா என்று ஒப்பந்தத்தில் இல்லை என்றால், அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வரியிலும் சங்கத்துக்குக் கால் பங்கு கொடுப்பீர்கள்.

செயலாளருக்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு, அவரே யோசித்தாரா தெரியாது. பொதுநல நோக்கம் என்று வருமான வரித்துறையில் பதிவு பெற்ற சங்கங்களுக்கு, வியாபாரம் மாதிரியான வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு இருக்கிறது. அப்படிப் பதிவு இல்லாத சங்கங்கள், உறுப்பினர் சந்தா எங்களுக்குள்ளேயே சுற்றும் பணம், லாபம் அல்ல என்று வரிவிலக்குக் கேட்கும். வெளியாள் கொடுக்கும் ஸ்டால் பணத்தில் பங்கு வாங்கினால் அந்த வாதம் அந்தப் பணத்துக்குச் செல்லாது. உங்கள் 18 லட்சம் அவருடைய ஆடிட்டருக்குத் தலைவலியாகலாம். அந்த ஆடிட்டரை இப்போதே பேச்சுவார்த்தைக்கு அழைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஆடிட்டர் வந்த பிறகு சதவீதம் தானாக இறங்கும், அல்லது பெயரையும் லோகோவையும் பயன்படுத்த ஒரு நிலையான உரிமத் தொகை என்று மாறும். அதுவே இரு தரப்புக்கும் சுத்தம்.

என் யோசனை இது. விற்பவர் சங்கத்துக்கு இலவச ஸ்டால் ஒன்றே ஒன்று, அதுவும் சங்கத்தின் சொந்த அலுவலகத்துக்கு. உறுப்பினர்களுக்கு ஸ்டால் விலையில் 10 சதவீதம் தள்ளுபடி, அதை அறிவிப்பது சங்கமாக இருக்கட்டும், நல்ல பெயர் அவர்களுக்கே போகட்டும். உறுப்பினர் எடுக்கும் 11-வது ஸ்டாலிலிருந்து ஸ்டாலுக்கு இவ்வளவு என்று சங்கத்துக்கு. நான்கு ஸ்டாலோடு நின்றுவிட்டால் நீங்கள் கொடுப்பது சைபர். நாற்பது வந்தால் சந்தோஷமாகக் கொடுங்கள். சிறு தொழில்களுக்கு ஸ்டால் வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. அதற்கான விண்ணப்ப வேலையைச் சங்க அலுவலகம் உறுப்பினர்களுக்குச் செய்து கொடுத்தால், சுற்றறிக்கை பத்து அனுப்புவதைவிட அது பலன் தரும்.

சங்கத்தில் யாரோடு பேசுகிறீர்கள் என்பதும் முக்கியம். தலைவர் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோதான். சால்வை போட்டவர் கண்காட்சி வரும்போது முன்னாள் தலைவராகி முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். புதியவருக்குத் தன் பெயர் சொல்ல வேறு ஏதாவது வேண்டும். அதனால் செயற்குழுத் தீர்மானம் இல்லாமல் எந்தக் கடிதத்தையும் ஒப்பந்தமாக நம்பாதீர்கள். தீர்மானத்தில் அடுத்து வரப்போகும் துணைத் தலைவரின் கையெழுத்தும் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு தடவைக்கு என்று போடாமல் மூன்று பதிப்புகளுக்குப் போடுங்கள். முதல் பதிப்பில் யாரும் சம்பாதிப்பதில்லை. ஒரே பதிப்புக்குக் கூட்டு என்றால், வளர்த்துக் கொடுத்த பின் வேறொரு அமைப்பாளர் இரண்டு சதவீதம் கூடுதலாகச் சொல்லிக் கொண்டுபோய்விடுவார்.

எனக்கு நடந்தது இது. பெயர் வேண்டாம். ஒரு சங்கத்தோடு இரண்டு வருஷம் உழைத்தேன். மூன்றாவது வருஷம் எங்கள் கண்காட்சிக்கு மூன்று வாரம் முன்னால், அதே ஊரில், அதே சங்கத்தின் லோகோவோடு இன்னொரு கண்காட்சியின் விளம்பரம் பேப்பரில் வந்தது. போன் போட்டுக் கேட்டால், “அவங்களும் வந்து கேட்டாங்க சார், ஆதரவுதானே, கொடுத்தோம்” என்றார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். வேறு யாருக்கும் தரக் கூடாது என்று ஒரு வரிகூட அதில் இல்லை. எழுதியவன் நான்தான். அதற்கப்புறம் எந்த ஒப்பந்தத்திலும் மூன்று விஷயம் இல்லாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. ஒன்று, இந்தத் துறையில், இந்த மாநிலங்களில், இத்தனை மாதத்துக்குள் வேறு கண்காட்சிக்குச் சங்கம் பெயர் தராது. இரண்டு, கண்காட்சியின் பெயர் யாருடைய சொத்து, கூட்டு முறிந்தால் யார் எடுத்துக்கொள்வது. மூன்று, நடத்த முடியாமல் போனால் என்ன. இந்த மூன்றாவதைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2020-ல் நந்தம்பாக்கமும் கோடிசியாவும் கண்காட்சி ஹாலாக இல்லை, கொரோனா நோயாளிகளின் கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. 2021 ஜூனில் நடக்க வேண்டிய அகேமாவே 2022 ஆகஸ்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அப்படி ஒன்று வந்தால் முன்பணம் யாருடையது என்று இப்போதே எழுதிவிடுங்கள்.

உறுப்பினர் பட்டியலைக் கேட்டு மல்லுக்கட்டாதீர்கள். கிடைத்தால் பழைய லேண்ட்லைன் எண்களோடு ஒரு பிடிஎஃப் கிடைக்கும். தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதைக் கொடுப்பது அவர்களுக்கும் சங்கடம். அழைப்பைச் சங்கமே தன் வாட்ஸ்அப் குழுவில் போடட்டும், பதிவு செய்யும் இணைப்பு உங்களுடையதாக இருக்கட்டும். விருப்பப்பட்டுப் பதிவு செய்தவர் எண் தானாக உங்களிடம் வந்துவிடும்.

இதற்கெல்லாம் நடுவில் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் ஃபர்னிச்சர் கண்காட்சியிலிருந்து வருகிறீர்கள். அங்கே ஸ்டாலில் சோபா வைப்பார்கள். இங்கே சாம்பிள் வைப்பார்கள். சாய ஆலைக்காரர்கள் ‘ஹைட்ரோஸ்’ என்று சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்பைட் பாக்கெட்டில் ஈரம் பட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். அடுத்த ஸ்டாலில் ஒருவர் 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கேனைத் திறந்து வைத்திருப்பார், அது எரிவதை இன்னும் ஊக்குவிக்கும். அதற்கடுத்தவர் ஏதோ ஒரு கரைப்பான். மேலே தொங்குவது துணிப் பதாகை. கற்பனை செய்துகொள்ளுங்கள். விற்பவர் சங்கத்தின் உண்மையான உதவி இங்கேதான் தேவைப்படும். அவர்களுடைய தொழில்நுட்பக் குழுவில் மூன்று பேரைக் கேட்டு வாங்குங்கள். எந்தச் சாம்பிள் உள்ளே வரலாம், எவ்வளவு வரலாம், எது வெறும் காலி டப்பாவாக மட்டும் வரலாம் என்று அவர்கள் எழுதித் தரட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் எம்எஸ்டிஎஸ் என்ற பாதுகாப்புத் தகவல் தாள் முன்கூட்டி வராவிட்டால் அந்தப் பொருள் கதவைத் தாண்டக் கூடாது. தீயணைப்புத் துறை அனுமதி வாங்கப் போகும்போது, சங்க நிபுணர்கள் பார்த்துக் கையெழுத்திட்ட பட்டியல் கையில் இருந்தால் பேச்சு சுலபமாகும்.

பெரிய சங்கங்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு. 1938-ல் ஆச்சார்யா பிரபுல்ல சந்திர ராய் தொடங்கிய அமைப்புதான் இன்றைய இந்தியன் கெமிக்கல் கவுன்சில். கனடாவில் 1985-ல் ஆரம்பித்த ‘ரெஸ்பான்சிபிள் கேர்’ என்ற பாதுகாப்பு நெறியை இங்கே முன்னெடுப்பது அதுதான். போபாலுக்குப் பிறகு இந்தத் துறைக்குத் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்வது வியாபாரத்துக்குச் சமமான கவலை. “உங்கள் நெறிப்படி சாம்பிள் வைக்கும் கண்காட்சி” என்று ஒரு கோரிக்கையோடு போனால் கதவு திறக்கும். “லோகோ கொடுங்கள்” என்று போனால் வாசலோடு சரி.

இன்னொரு சின்ன விஷயம். தயாரிப்பாளர்கள் ஒன்றாகக் கூடும் இடத்தில் விலை பற்றிப் பேச்சு வந்தால் அது போட்டிச் சட்டத்தில் மாட்டும். 2012-ல் போட்டி ஆணையம் சிமென்ட் கம்பெனிகளோடு அவர்களுடைய சங்கத்துக்கும் சேர்த்துத்தான் அபராதம் விதித்தது. உங்கள் வளாகத்தில் சங்கக் கூட்டம் நடந்தால் நிகழ்ச்சி நிரலை எழுத்தில் வாங்கி வையுங்கள். பேசப்போவது தொழில்நுட்பமும் சட்ட விதிகளும்தான் என்று அதில் இருக்கட்டும்.

சரி, இப்போது கையில் இருக்கும் கடிதத்தை என்ன செய்வது? திருப்பிக் கொடுக்காதீர்கள், செயலாளரோடு சண்டையும் வேண்டாம். “25 சதவீதத்தைப் பற்றி மூன்று வாரம் கழித்து உட்காருவோம், அதற்குள் உங்கள் ஆடிட்டரையும் கேட்டு வையுங்கள்” என்று சொல்லிவிட்டு, அந்த மூன்று வாரத்தில் திருப்பூரில் இரண்டு தடவையாவது போய் வாருங்கள். செவ்வாய், புதன் மாதிரி வாரத்தின் நடு நாளாகப் பாருங்கள். பிரவுச்சர் எடுத்துப் போகாதீர்கள், நோட்டுப் புத்தகம் போதும். இரண்டு சாய ஆலைக்குள் போய் டையிங் மாஸ்டரோடு நின்று பேசுங்கள். போன வருஷம் எந்தக் கெமிக்கல் மாற்றினார், யார் சொல்லி மாற்றினார், எதைத் தேடிக் கிடைக்காமல் இருக்கிறார் என்று கேளுங்கள். அதில் வரும் பெயர்கள்தான் உங்கள் ஸ்டால் பட்டியல்.

அதற்கு முன்னால், இன்றைக்கே, டிரேட் சென்டருக்குப் போன் போட்டுக் கட்டிய முன்பணத்தை வேறு தேதிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஃபர்னிச்சர் கண்காட்சிக்கு எப்படியும் அந்த ஹால் வேண்டியிருக்கும்.